நிக்காத மூண்டு தரம்

"புத்தூரிலை இருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும்?" எண்டு அவவைக் கண்ட முதல் நாள் சும்மா ஒரு கதைக்குக் கேட்டன். ஆரெண்டாலும் "முக்கால் மணித்தியாலம்" எண்டு சொல்லிட்டுப் போற கேள்வி. அவ கொஞ்சம் யோசிச்சா. "ஆக மோசமா ரெண்டேகால் மணித்தியாலம் எடுத்தது அக்கா. ரயர் வெடிச்சுது, அடுத்த பஸ்ஸும் வரேல்லை."

அதாலை அவ ஒவ்வொரு நாளும் ரெண்டேகால் மணித்தியாலத்துக்கு முந்தியே வீட்டிலை இருந்து வெளிக்கிடுவா. எங்கடை கொம்பனி ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியிலை இருந்தது. கடைக்காரரே கதவு திறக்காத நேரத்திலை அவ படிக்கட்டிலை குந்தியிருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பா. நான் குருநகர், நடந்து வாற தூரம். கிழமையிலை மூண்டு நாள் பிந்துவன். அவ ஒருநாளும் பிந்தினதில்லை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவ எனக்கு ரெண்டு வயசு இளையவ, ஆனால் எனக்கு முதலே வேலைக்குச் சேந்தவ. "அக்கா, அக்கா" எண்டு மரியாதையாக் கூப்பிட்டுக்கொண்டே நான் எழுதின புரோகிராமை வரி வரியாத் திருத்துவா. இப்பவே சொல்லிப்போடுறன், நான் அவ்வளவு நல்ல மனிசி இல்லை. அந்தத் திருத்தங்கள் எல்லாம் சரி எண்டு தெரிஞ்சுகொண்டே மனசுக்குள்ளை அவவைத் திட்டுவன்.

எதைச் சொன்னாலும் "ஆக மோசமானது என்ன?" எண்டு கேக்கிறது அவவின்ரை பழக்கம். எங்களோடை வேலை செய்த ஒரு பிள்ளைக்குக் கலியாணம் முற்றாகி, அவள் ஒரு பெட்டி கேக்கோடை வந்தாள். மாப்பிள்ளை சரியான அமைதியாம், குரல் உசத்திக் கதைக்க மாட்டாராம், அவளுக்கு ஒரே சந்தோசம். இவ கேக் துண்டைக் கையிலை வைச்சுக்கொண்டு ஆறுதலாக் கேட்டா: "அவருக்கு ஆகக் கூடக் கோவம் வந்தால் என்ன செய்வார்?"

ஐயோ! அந்தப் பிள்ளையின்ரை முகம் செத்துப் போச்சு. நாங்கள் எல்லாரும் சேந்து இவவைப் பேசினம். இவவுக்கு விளங்கவே இல்லை. "சும்மா இருக்கிற நாளிலை எல்லாரும் நல்லவைதானே. அதை அறிஞ்சு என்ன பிரயோசனம்?" எண்டா. பிறகு கலியாணக் காட் எங்கள் எல்லாருக்கும் வந்தது, இவவுக்கு வரேல்லை. "உம்மடை நாக்கிலை சனியன் இருக்கு" எண்டு நான் முகத்துக்கு நேரை சொன்னன். அவ என்னை வடிவாப் பாத்திட்டு, "நான் கேட்டதாலை அவருக்குக் கோவம் வரப் போறதில்லையே அக்கா" எண்டு சொல்லிப்போட்டுத் தன்ரை வேலையைப் பாத்தா.

அவவின்ரை அப்பாவுக்கு வயித்திலை ஒப்பரேசன் செய்தவை. "பயப்பிடாதேங்கோ, பத்திலை ஒம்பது பேர் எழும்பி நடந்து வீட்டை போயினம்" எண்டு டொக்டர் சொல்ல, வீட்டுக்காரருக்கெல்லாம் மூச்சு வந்திருக்கு. இவ மட்டும், "பத்தாவது ஆளுக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டா. அந்த டொக்டரும் நல்ல மனிசன், இருந்து விளக்கமாச் சொல்லியிருக்கிறார். இவ அதைக் கொப்பியிலை எழுதி, அப்பிடி நடந்தால் என்னென்ன வேணுமோ எல்லாம் ஆயத்தம் செய்து, இரத்தம் குடுக்க ரெண்டு பேரையும் பிடிச்சு வைச்சா. அப்பா சுகமா எழும்பி நடந்து வீட்டை வந்தார். வந்து ஆறு மாசம் மகளோடை கதைக்கேல்லை. "நான் சாக முதலே பாடை கட்டிப்போட்டாள்" எண்டு வெங்காயத் தோட்டத்துக்கை நிண்டு ரோட்டாலை போறவைக்கெல்லாம் சொன்னாராம். இவ இதைச் சிரிக்காமல் சொன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சன். அண்டைக்கு மட்டும் அவவை எனக்குப் பிடிச்சிருந்தது.

இனி வேலையைச் சொல்ல வேணும். நாங்கள் செய்தது மீன்பிடி போட்டுகளுக்கு வலை இழுக்கிற மெசின். ஒரு பெரிய உருளை, மோட்டர் சுத்தச் சுத்த வலை அதிலை ஏறி வரும். ஒராள் பக்கத்திலை நிண்டு வலையைக் கையாலை வழிப்படுத்திக்கொண்டு இருக்க வேணும். கை வலையோடை சிக்கினால் உருளை விடாது. விரல் போகும், இல்லாட்டி முழுக் கையும் போகும். அதுக்காக உருளைக்கு முன்னாலை ஒரு மெல்லிய கம்பி இருக்கு. கை அதிலை பட்டவுடனை எங்கடை பெட்டி மோட்டரை எதிர்ப்பக்கம் தள்ளி உருளையைச் சட்டெண்டு நிப்பாட்டிப்போடும். பற்றரியிலை மெயின் சுவிச்சும் இருக்குத்தான். ஆனால் அதாலை கரண்டைத்தான் வெட்டலாம், உருளை இருந்த வேகத்திலை இன்னும் அரைச் சுத்துப் போய்த்தான் நிக்கும்.

முதல் மெசினை என்ரை அண்ணையின்ரை போட்டிலை பூட்டினம். நான்தான் முதலாளியைக் கெஞ்சிக் கேட்டனான். அப்பா செத்த பிறகு பதினாறு வயசிலை பள்ளிக்கூடத்தை விட்டிட்டுக் கடலுக்குப் போனவர் அண்ணை. என்ரை படிப்பு, என்ரை சப்பாத்து, என்ரை முதல் கொம்பியூட்டர் எல்லாம் அந்த ரெண்டு கையாலை இழுத்த வலைதான். "என்ரை தங்கச்சி செய்த மெசின்" எண்டு கரை முழுக்கச் சொல்லித் திரிஞ்சார். எனக்கு வெக்கமும் பெருமையுமா இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிற சிப்பிலை எங்கடை சொந்தச் சின்ன ஒப்பரேற்றிங் சிஸ்ரம் ஓடினது. எந்த வேலையை முதல் செய்யிறது, எதை இடையிலை நிப்பாட்டுறது எண்டு முடிவெடுக்கிற அதின்ரை நடுப்பகுதியைத்தான் கெர்னல் எண்டு சொல்லுறது. அதை முழுக்க அவதான் எழுதினவ, அதுவும் அசெம்பிளியிலை. அசெம்பிளி எண்டால் சிப்பின்ரை சொந்தப் பாஷை, ஒவ்வொரு அசைவையும் நாங்களே சொல்ல வேணும். வேகத்துக்கு அதை விட்டால் ஆள் இல்லை. ஆனால் எங்களிலை அவவைத் தவிர ஒருத்தருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

ஒருநாள் காலமைக் கூட்டத்திலை அவவே எழும்பிச் சொன்னா: "நான் நாளைக்குச் செத்தால் இதை ஆர் பாக்கிறது? எல்லாத்தையும் சி மொழிக்கு மாத்துவம்."

முதலாளி வாயிலை வைச்ச தேத்தண்ணியை இறக்கிப்போட்டார். "ஏன் பிள்ளை விடியக் காத்தாலை சாவைப் பற்றிக் கதைக்கிறீர்?"

"பின்னேரம் கதைச்சாலும் இதைத்தான் கதைப்பன் சேர்."

தான் மாரடிச்சு எழுதினதைத் தானே தூக்கி எறியச் சொல்லுறவையை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. "உமக்குக் கவலையா இல்லையோ?" எண்டு கேட்டன். "எனக்கு அசெம்பிளியோடை ஒரு காதலும் இல்லை அக்கா. அளந்து பாப்பம்" எண்டா. ரெண்டு கிழமை இருந்து துண்டு துண்டா அளந்தா. சியிலை எழுதினால் அதைக் கொம்பைலர் எண்ட ஒண்டுதான் சிப்பின்ரை பாஷைக்கு மாத்தித் தரும். "நீளமான கணக்குகளிலை கொம்பைலர் என்னைவிடக் கெட்டிக்காரன், அதுகளை முதல் மாத்துவம்" எண்டு சொன்னா. "ஆனால் கம்பி பட்டவுடனை ஓடுற சின்னத் துண்டு ஒண்டு இருக்கு. அதிலை சி சுணங்குது. செய்துகொண்டிருந்த வேலையை இடையிலை விட்டிட்டு வர முதல், தேவையோ இல்லையோ கனக்கத்தை எடுத்துப் பத்திரமா வைக்கப் பாக்குது. சராசரியிலை வித்தியாசம் இல்லை. ஆக மோசமான தரத்திலை ஒண்டரை மடங்கு."

"சராசரி நல்லாத்தானே இருக்கு?" எண்டார் முதலாளி.

"சராசரியிலை ஒருத்தரின்ரை கையும் போறதில்லை சேர்."

அதோடை முடிவாச்சு. நிப்பாட்டுற துண்டு கடைசி வரைக்கும் அசெம்பிளியிலை இருக்கும், மிச்சத்தை ஒவ்வொண்டாச் சி மொழிக்கு மாத்துறது. மோட்டரின்ரை வேகத்தைக் கவனிக்கிற பகுதி என்ரை கைக்கு வந்தது.

நான் நல்லா எழுதினனான். அதை இப்பவும் சொல்லுவன். பழைய புரோகிராமோடை மெசின் பாரம் கூடினால் வெட்டி வெட்டி இழுக்கும், அண்ணையின்ரை வலை கிழியும். "தங்கச்சி, உன்ரை மெசின் வலையைத் திண்ணுது, ஏதாவது செய்யன்" எண்டு ஒவ்வொரு கிழமையும் அலுப்புக் குடுப்பார். என்ரை சியோடை உருளை எண்ணெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு சுத்தினது. நான் எழுதி முடிச்ச நேரம் அவ ரெண்டு நாள் லீவு. தொண்டைமானாத்திலை சந்நிதித் திருவிழா, வீட்டுக்காரரோடை போயிட்டா.

நான் மேசையிலை ஒரு பெட்டியையும் சின்ன உருளையையும் பூட்டி வைச்சு, கம்பி பட்ட மாதிரிப் பத்தாயிரம் தரம் சிக்னல் குடுத்து, உருளை நிக்க எடுத்த நேரத்தை எல்லாம் பதிஞ்சன். பழசைவிடக் கெதியா இருந்தது. அண்ணை அடுத்த நாள் விடிய வெளிக்கிடுறார். அவ வந்தால் ஆயிரம் கேள்வி கேப்பா, இன்னும் ரெண்டு கிழமை இழுபடும் எண்டு நினைச்சன். முதலாளிக்கும் சொல்லேல்லை. பின்னேரம் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய், அண்ணையின்ரை பெட்டியிலை புதுசைப் போட்டிட்டு வந்தன். அண்ணை பக்கத்திலை நிக்கேல்லை, எண்ணெய் எடுக்கப் போயிட்டார். உருளையை ஒருக்காச் சுத்தவிட்டுப் பாத்து, கம்பியைத் தொட்டன். சட்டெண்டு நிண்டது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அடுத்த நாள் காலமை அவ திருநீறும் ஒரு பை கச்சான் கடலையும் கொண்டு வந்தா. நான் வேதக்காரி எண்டாலும் கச்சானிலை எனக்குப் பெரிய பங்கு. உரிச்சுத் திண்டுகொண்டே பெருமையடிச்சன்.

"சராசரி பன்னிரண்டு மில்லிசெக்கன். முந்திப் பதின்மூண்டு."

"ஆக மோசமானது?"

"பத்தொம்பது. உம்மடை எல்லைக்கு உள்ளுக்கைதான்."

"நல்லது அக்கா." ஒரு கச்சானை உடைச்சா. "எத்தினை தரம் சிக்னல் குடுத்தனீங்கள்?"

"பத்தாயிரம்."

"எத்தினை தரம் நிண்டது?"

"இதென்ன விசர்க் கேள்வி? பத்தாயிரம் தரமும்தான்."

"எண்ணினனீங்களோ?"

நான் எண்ணேல்லை. உருளை நிண்டால்தான் நேரம் பதியும், அப்பிடித்தான் நான் எழுதியிருந்தனான். அவ என்ரை கதிரைக்குப் பக்கத்திலை வந்து குனிஞ்சு, பதிஞ்ச வரியளை எண்ணச் சொல்லிக் கொம்பியூட்டருக்குக் கட்டளை குடுத்தா. ஒம்பதினாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றேழு எண்டு வந்தது.

மூண்டு தரம் உருளை நிக்கவே இல்லை. நிக்காததுக்கு நேரம் இல்லை, நேரம் இல்லாததாலை என்ரை கணக்குக்குள்ளை அது வரேல்லை. நான் உலகத்திலையே ஆக மோசமான மூண்டையும் வெளியிலை விட்டிட்டு, மிச்சத்துக்குச் சராசரி பாத்துப் புளுகியிருக்கிறன்.

அவ என்ரை சியைக் கொம்பைலர் எப்பிடி மாத்தியிருக்கு எண்டு திறந்து பாத்தா. கன நேரம் எடுக்கேல்லை. ஒரு வரியிலை விரலை வைச்சா. சிப்புக்குள்ளை எண்களை வைச்சிருக்கச் சின்னச் சின்ன அறையள் இருக்கு, ரெஜிஸ்டர் எண்டு சொல்லுறது. அதிலை ஒண்டை அவ "நில்" எண்ட அடையாளத்துக்கு மட்டும் ஒதுக்கி வைச்சிருக்கிறா. வேகத்துக்காகத்தான். முழுக்க அசெம்பிளியா இருந்த காலத்திலை அந்த அறையை ஆரும் தொட்டதில்லை, ஏனெண்டால் எழுதினது அவ ஒராள்தான். ஆனால் கொம்பைலருக்கு அது தெரியாது. என்ரை கணக்குக்கு அந்த அறையைக் கொஞ்ச நேரம் இரவல் எடுத்து, முடிஞ்சவுடனை உள்ளுக்கை முந்தி இருந்ததைத் திருப்பி வைச்சிருக்கு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளை கம்பி பட்டு "நில்" எண்டு விழுந்தால், பழசைத் திருப்பி வைக்கேக்கை "நில்" அழிஞ்சு போகும்.

"இந்த அறையைத் தொடப்படாது எண்டு நான் ஒரு இடத்திலையும் எழுதி வைக்கேல்லை" எண்டா. "என்ரை தலைக்குள்ளை மட்டும்தான் இருந்தது." பிறகு நிமிந்து என்னைப் பாத்தா. "அக்கா, இதை ஒரு போட்டிலையும் போடேல்லைத்தானே?"

"அண்ணையின்ரை போட்டிலை போட்டனான்."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம். அவர் விடியக் கடலுக்குப் போயிட்டார்."

அவ என்ரை ஸ்கூட்டர்த் திறப்பை எடுத்து என்ரை கையிலை வைச்சா.

அவ பின்னாலை இருந்து ஒரு கையாலை என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை அண்ணைக்குக் கோல் எடுத்துக்கொண்டே வந்தா. போன் போகேல்லை, போட் தூரத்துக்குப் போயிட்டுது. கரையிலை மீனவர் சங்கத்திலை ஒரு வயர்லெஸ் செற் இருக்கு. அதைப் பாக்கிற ஐயா எங்களைக் கண்டு பயந்து கேள்வி கேக்காமலே கூப்பிடத் தொடங்கினார். ஒருக்கா, ரெண்டு தரம், அஞ்சு தரம். இரைச்சல் மட்டும்தான் வந்தது. நான் மாதாவே மாதாவே எண்டு முணுமுணுத்துக்கொண்டு நிண்டன். பேந்து ஒரேயடியா அண்ணையின்ரை குரல் கேட்டுது.

"என்ன? வலை இழுக்கிறம், சொல்லு!"

"அண்ணை, மெசினை நிப்பாட்டுங்கோ! கம்பி சில நேரம் வேலை செய்யாது. கையை வையாதேங்கோ!"

"நிப்பாட்டவோ? அரைவாசி வலை இன்னும் தண்ணிக்குள்ளை. சோளகக் காத்து எழும்பீட்டுது. கையாலை இழுத்து முடியாது."

"அப்ப வெட்டி விடுங்கோ அண்ணை!"

"வலையை வெட்டவோ? உனக்கென்ன விசரோ?"

அவ என்ரை கையிலை இருந்து மைக்கை வாங்கினா. "அண்ணை, நான் தங்கச்சியோடை வேலை செய்யிற பிள்ளை கதைக்கிறன். மேசையிலை பத்தாயிரம் தரத்திலை மூண்டு தரம் நிக்கேல்லை. கடலிலை எத்தினை எண்டு எனக்குத் தெரியாது."

அண்ணை சிரிச்சார். இரைச்சலுக்குள்ளையும் சிரிப்பு வடிவாக் கேட்டுது. "பத்தாயிரத்திலை மூண்டோ? கடலுக்கு வாறதே அதைவிட மோசம் பிள்ளை."

"அப்ப இழுங்கோ. ஆனால் ஒராளை மெயின் சுவிச்சிலை நிப்பாட்டுங்கோ. அவர் வேறை ஒரு வேலையும் செய்யப்படாது. சுவிச்சிலை இருந்து கையை எடுக்கப்படாது. வேறை பக்கம் பாக்கப்படாது."

"நாங்கள் இருக்கிறதே மூண்டு பேர். அதிலை ஒருத்தனைச் சும்மா நிப்பாட்டவோ?"

"ஓம் அண்ணை. சும்மா நிப்பாட்டுங்கோ."

"சரி, பாப்பம்" எண்டார். செற் செத்துப் போச்சு. அந்தப் "பாப்பம்" ஓமோ இல்லையோ எண்டு தங்கச்சி எனக்கே விளங்கேல்லை. அதுக்குப் பிறகு ஐயா எவ்வளவு கூப்பிட்டும் மறுமொழி வரேல்லை.

நான் இறங்குதுறையிலை வெய்யிலுக்கை போய் நிண்டு செபமாலை சொல்லத் தொடங்கினன். பத்துமணிக்கு நிண்ட நான் பன்னிரண்டு மட்டும் அதே இடத்திலை நிண்டன். அவ ஒரு இடத்திலை நிக்கேல்லை. ரோட்டுக்குப் போய் ஒரு ஓட்டோவைக் கூட்டி வந்து, முன்பக்கத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி விடச் சொன்னா. ஆஸ்பத்திரிக்கு எந்த ரோட்டாலை போனால் சந்தை நெரிசல் இல்லை எண்டு டிரைவரைக் கேட்டா. பிறகு ஐஸ் வாடிப் பக்கம் போனா. வரேக்கை ஒரு புதுப் பொலித்தீன் பை, ஒரு வெள்ளைத் துவாய், ஒரு வாளி நிறைய உடைச்ச ஐஸ்.

அந்த ஐஸைக் கண்டவுடனை எனக்கு விளங்கீட்டுது. எனக்குக் கண்ணும் தெரியேல்லை, மண்ணும் தெரியேல்லை. "என்ரை அண்ணையின்ரை விரலை வைக்கவோ ஐஸ் வாங்கினனீர்?" எண்டு கத்தினன். துறையிலை நிண்ட சனம் எல்லாம் திரும்பிப் பாத்தது.

"ஓம் அக்கா."

"வாயைத் திறந்து ஒருக்கா நல்லது சொல்ல மாட்டீரோ? ஒண்டும் நடக்காது எண்டு ஒரு வார்த்தை சொல்லும் பாப்பம்! என்ன மனிசியப்பா நீர்?"

அவ சொல்லேல்லை. ஐஸ் உருகாமல் இருக்க வாளியை ஒரு போட்டின்ரை நிழலுக்குள்ளை தள்ளி வைச்சிட்டு, அதுக்குப் பக்கத்திலை குந்தினா. அப்பத்தான் அவ அழுதுகொண்டிருக்கிறதைக் கண்டன். அழுதுகொண்டே பையிலை ஓட்டை இருக்கோ எண்டு காத்தை அடைச்சு அமத்திப் பாத்தா.

ஒரு மணி தாண்டித்தான் அண்ணையின்ரை போட் தெரிஞ்சுது. கிட்ட வர வரத் தலையளை எண்ணினன். மூண்டு. அண்ணை போட்டின்ரை முன் அணியத்திலை நிண்டார். நிண்டார்! ஆனால் அவரின்ரை நீலச் சேட்டுக்கு வலப்பக்கக் கை இல்லை, தோளோடை கிழிஞ்சு போயிருந்தது. கிழிஞ்ச இடத்தாலை அவரின்ரை கை தெரிஞ்சுது. மணிக்கட்டிலை இருந்து கமக்கட்டு மட்டும் சிவப்பா ஒரு கோடு, தோல் உரிஞ்சு இரத்தம் கசிஞ்சுகொண்டு இருந்தது. அஞ்சு விரலும் இருந்தது. நான் எண்ணினன், திரும்பவும் எண்ணினன்.

கடைசி வலையிலை சேட்டுக் கை வலையோடை சேந்து போயிருக்கு. கம்பி பட்டிருக்கு. உருளை நிக்கேல்லை. சுவிச்சிலை நிண்டவர் உடனை மெயினை அமத்தியிருக்கிறார். மிச்ச அரைச் சுத்திலை சேட்டுக் கை கிழிஞ்சு உருளையோடை போக, அண்ணையின்ரை கை வெளியிலை வந்திருக்கு. அந்த மனிசன் சுவிச்சிலை நிண்டிருக்காட்டி? அதை நான் நினைக்கப் போறதில்லை.

அண்ணை கரையிலை குதிச்சவுடனை கேட்டார்: "ஆர் செய்த வேலை இது?"

அவரின்ரை முகத்தை நான் அப்பிடிக் கண்டதே இல்லை. அவ எனக்கு முன்னாலை ஒரு அடி எடுத்து வைச்சா.

"பிழை என்ரை அண்ணை. ஒரு விசயத்தை நான் எழுதி வைச்சிருக்க வேணும். வைக்கேல்லை."

அண்ணை கையை ஓங்கினார், இரத்தம் வடிஞ்ச அந்தக் கையைத்தான். பக்கத்திலை நிண்டவை பிடிச்சிட்டினம். "உன்னை இந்தக் கரையிலை இனிக் காணக்கூடாது" எண்டார். "ஓம் அண்ணை" எண்டா அவ. பிறகு துவாயை எடுத்து என்னட்டைத் தந்து, "கையைச் சுத்துங்கோ அக்கா, ஓட்டோ நிக்குது" எண்டு மெல்லமாச் சொன்னா. நான் சுத்தினன். சுத்தேக்கையும் வாயைத் திறக்கேல்லை.

அடுத்த நாள் படிக்கட்டிலை அவவைப் பிடிச்சுக் கேட்டன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்? போட்டது நான்தானே."

"எழுதி வைக்காதது நான். அது பொய் இல்லையே."

"நான் உமக்குச் சொல்லாமல் போட்டது?"

"அதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேணும் அக்கா" எண்டா. கோவமே இல்லாமல் சொன்னா. அதுக்குப் பிறகு அந்தக் கதையை அவ எடுக்கவே இல்லை.

அவ ஒரு மாசம் இருந்து கெர்னலைச் சி மொழிக்கு மாத்தினா. "நில்" எண்ட அடையாளத்தை அந்த அறையிலை இருந்து எடுத்து, எல்லாருக்கும் தெரியிற இடத்திலை வைச்சா. சியாலை செய்யவே ஏலாத ஒரு பக்கம் மட்டும் அசெம்பிளியிலை மிஞ்சினது. அதிலை வரிக்கு வரி தமிழிலை விளக்கம் எழுதி விட்டா. நிப்பாட்ட எடுக்கிற நேரம் ஒண்டரை மடங்காச்சு. அந்தச் சுணக்கத்துக்கு ஈடா உருளையின்ரை வேகத்தைக் குறைச்சா. மெசின் நத்தை மாதிரி எண்டு போட்காரர் எல்லாரும் புறுபுறுத்தினம். அவ அசையேல்லை. மாசக் கடைசியிலை வேலையை விட்டிட்டுப் போட்டா. எங்கை போனா எண்டு நான் தேடேல்லை. தேடினால் "சொன்னனீங்களோ?" எண்டு கேப்பா எண்டு பயம்.

அதெல்லாம் நடந்து கன வருசமாச்சு. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணையின்ரை பேரனுக்கு ஞானஸ்நானம். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை வழக்கம் போலச் சேட்டுக் கையை உருட்டி, அந்த நீளத் தழும்பைச் சின்னப் பிள்ளையளுக்குக் காட்டினார். "ஒரு புத்தூர்க்காரி என்ரை கையை எடுக்கப் பாத்தவள். கடவுள் காப்பாத்தினார்." பிள்ளையள் தழும்பைத் தொட்டுப் பாத்துதுகள். என்ரை மகள் என்னட்டை ஓடி வந்து கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும்" எண்டு சொல்லிப்போட்டுக் கோப்பையளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போனன்.

அண்ணை, நீங்கள் சுவிச்சிலை ஆளை நிப்பாட்டினது அவ சொன்னபடியாத்தான். முதல் நாள் பின்னேரம், நீங்கள் எண்ணெய் எடுக்கப் போன நேரம், உங்கடை பெட்டியிலை அந்தப் புதுப் புரோகிராமைப் போட்டது நான். அவவுக்கு அது தெரியாது.